முடிவுகளின் கணக்கேடு: பிரிட்டனின் குடியேற்றக் கட்டுப்பாடும் அரசுப் புள்ளிவிவரமும்

பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் ஆகிய மாதங்களில், முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, பிரிட்டனின் உள்துறை அமைச்சகம் அந்நாட்டின் குடியேற்ற ஏற்பாடு பற்றிய காலாண்டுப் புள்ளிவிவரத் தொகுப்பை வெளியிடுகிறது. எத்தனை விசாக்கள் வழங்கப்பட்டன, எத்தனை பேர் புகலிடம் கோரினர், எத்தனை கோரிக்கைகள் ஏற்கப்பட்டன, எத்தனை பேர் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர், எத்தனை பேர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர் என்பனவெல்லாம் அதில் நாடுவாரியாகவும் காலாண்டுவாரியாகவும் அட்டவணைப்படுத்தப்படுகின்றன. அன்று மாலைக்குள் அவற்றில் இரண்டு மூன்று எண்கள் செய்தித் தலைப்புகளாகி, ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் வாதப்பொருளாகிவிடுகின்றன; எஞ்சியவற்றை ஆய்வாளர்களும் வழக்கறிஞர்களும் தவிரப் பிறர் திறந்து பார்ப்பது அரிது.

இவ்வட்டவணைகளை வாசிப்போர் பெரும்பாலும், நாட்டுக்குள் வருவோரும் போவோருமாகிய மக்களின் நடமாட்டம் அவற்றில் அப்படியே படம்பிடிக்கப்பட்டுள்ளது என்று கருதிவிடுகின்றனர். உண்மையில் அவற்றில் பதிவாகியிருப்பது, அந்நடமாட்டத்தின்மீது ஓர் அரசுத் துறை எடுத்த நடவடிக்கைகளே ஆகும். வழங்கல், மறுத்தல், தடுத்துவைத்தல், திருப்பியனுப்பல் ஆகிய ஒவ்வொன்றும் ஓர் அலுவலர் ஒரு கோப்பில் எழுதிய முடிவு. அம்முடிவுகளின் கூட்டுத்தொகையே புள்ளிவிவரமாக வெளிவருகிறது. ஆகவே சட்டம் மாறினாலோ, அலுவலர் எண்ணிக்கை கூடிக்குறைந்தாலோ, எந்தக் கோப்பை முதலில் எடுப்பது என்ற வரிசை மாறினாலோ, மக்களின் நடமாட்டத்தில் எந்த மாற்றமும் நேராதபோதும் எண்கள் மாறிவிடக்கூடும். இதனை மனத்திற்கொள்ளாமல் குடியேற்றப் புள்ளிவிவரத்தை வாசிப்பது தவறான முடிவுகளுக்கே இட்டுச்செல்லும்.

சட்டம் வகுத்த எல்லைக்குள் எண்ணிக்கை

யாரை எண்ணுவது என்பதைப் புள்ளியியலாளர் தாமாகத் தீர்மானிப்பதில்லை. சட்டம் யாரைக் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்துகிறதோ அவரே எண்ணிக்கைக்கும் உரியவராகிறார். பிரிட்டனின் நவீனக் குடியேற்றக் கட்டுப்பாட்டுக்கு அடித்தளமிட்ட 1905ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம் இதற்குத் தெளிவான சான்று. கப்பலின் அடித்தளத்தில் மலிவான கட்டணத்தில் பயணம்செய்த வெளிநாட்டவரை மட்டுமே அச்சட்டம் குடியேறிகளாகக் கொண்டது. அத்தகைய பயணிகள் இருபது பேருக்கு மேல் இருந்தால்தான் ஒரு கப்பல் ‘குடியேறிகள் கப்பல்’ எனக் கருதப்பட்டு, அதிகாரிகளின் சோதனைக்கு உள்ளானது. உயர்வகுப்புச் சீட்டு வாங்கி அதே கப்பலில் வந்திறங்கிய மற்றொரு வெளிநாட்டவர், நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு வந்திருப்பினும், சட்டத்தின் கண்ணுக்குக் குடியேறியாகத் தென்படவில்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்த ஏழை யூதர்களை மனத்தில் வைத்தே அச்சட்டம் இயற்றப்பட்டது என்பதை நினைக்கும்போது, அந்த வரையறை எவரை நோக்கியது என்பது புலப்படும்.

இதே நியதி பின்னாளிலும் தொடர்ந்தது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, கரீபியத் தீவுகள் முதலிய காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் 1962 வரை தங்குதடையின்றிப் பிரிட்டனுக்குள் நுழையும் உரிமை பெற்றிருந்தமையால், அவர்களைப் பற்றிய கட்டுப்பாட்டுப் புள்ளிவிவரம் என்று ஒன்று இருக்கவில்லை. தோராயமான மதிப்பீடுகளே இருந்தன. காமன்வெல்த் குடியேறிகள் சட்டம் 1962 ஜூலையில் நடைமுறைக்கு வந்து, வேலைக்கான அனுமதிச்சீட்டுகளை மூன்று வகைகளாகப் பிரித்து வழங்கத் தொடங்கியபின்னரே அவர்கள் அட்டவணைக்குள் வந்தனர். 1971ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் 1973 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோதும், ஐரோப்பிய ஒன்றியத்தினருக்கு இருந்த தடையற்ற போக்குவரத்து உரிமை 2020 இறுதியோடு முடிவுற்றபோதும் வகைகள் மீண்டும் மாற்றியமைக்கப்பட்டன. 2021க்கு முன் விசா இன்றி வந்து வேலைசெய்த ஒரு போலந்துக்காரர் விசா அட்டவணையில் இடம்பெற்றதேயில்லை. அதன்பின் அதே வேலைக்கு வரும் அவருடைய தம்பி இடம்பெறுவார். விசா எண்ணிக்கையை 2019க்கும் 2022க்கும் இடையே நேராக ஒப்பிட முடியாமைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆளின் எண்ணிக்கையும் நிகழ்வின் எண்ணிக்கையும்

அட்டவணையிலுள்ள எண் ஆட்களைக் குறிக்கிறதா, நிகழ்வுகளைக் குறிக்கிறதா என்பது வாசகர் கவனிக்க வேண்டிய அடுத்த செய்தி. பெருந்தொற்றுக்கு முந்தைய 2019ஆம் ஆண்டில் பிரிட்டனின் எல்லைகளில் 14 கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. இவை வருகைகளே; ஆட்கள் அல்லர். விடுமுறைக்கு ஸ்பெயின் சென்று திரும்பிய பிரிட்டிஷ் குடிமகனும், மாதம் இருமுறை லண்டனுக்கு வந்துபோகும் வணிகரும் ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணப்பட்டனர். விசா வழங்கலும் அவ்வாறே முடிவெடுக்கப்பட்ட நாளின்கீழ்ப் பதிவாகும் ஒரு நிகழ்வு. விசா பெற்றவர் பயணம்செய்தாரா, எவ்வளவு காலம் தங்கினார் என்பதை அந்த எண் தெரிவிப்பதில்லை. பண்ணைகளில் பழம் பறிக்க ஆறு மாதங்களுக்கு வரும் பருவகாலத் தொழிலாளி விசா அட்டவணையில் உண்டு. பன்னிரண்டு மாதங்களேனும் தங்குவோரை மட்டும் குடிபெயர்ந்தோராகக் கொள்ளும் மற்றோர் அட்டவணையில் அவர் இல்லை.

புகலிடக் கோரிக்கைகளில் இவ்வேறுபாடு மேலும் நுட்பமானது. ஒரு குடும்பம் புகலிடம் கோரும்போது, விண்ணப்பத்தில் முதலில் நிற்பவர் ‘முதன்மை விண்ணப்பதாரர்’ எனவும், அவருடைய துணைவரும் குழந்தைகளும் ‘சார்ந்தோர்’ எனவும் பதிவு செய்யப்படுகின்றனர். 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 84,200 விண்ணப்பங்கள் பெறப்பட்டன. அவற்றில் அடங்கியிருந்தோர் 1,08,138 பேர். 2002ஆம் ஆண்டில் முதன்மை விண்ணப்பதாரர் 84,132 பேர். சார்ந்தோரையும் சேர்த்தால் 1,03,081 பேர். ஆட்களைக் கணக்கிட்டால் 2024 தெளிவாக உயர்ந்த ஆண்டாகத் தோன்றும். விண்ணப்பங்களைக் கணக்கிட்டால் இரண்டு ஆண்டுகளும் ஏறக்குறைய சமமாகவே நிற்கும். ஒருவர் 2002க்கு முதல் எண்ணையும் 2024க்கு இரண்டாம் எண்ணையும் எடுத்து ஒப்பிட்டால், பொய்யான எண் எதையும் சொல்லாமலே பொய்யான ஏற்றத்தைக் காட்டிவிட முடியும்.

தடுப்புக்காவல் பற்றிய அட்டவணையில் இருப்புக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடு முன்னுக்கு வருகிறது. இருப்பு என்பது குறித்த ஒரு நாளில் காவலில் உள்ளோர் தொகை. ஓட்டம் என்பது ஓராண்டில் காவலுக்குள் வந்தோர் தொகை. ஒரு தங்கும் விடுதியில் இன்றிரவு நிரம்பியுள்ள அறைகளை எண்ணுவதற்கும், ஆண்டு முழுவதும் அங்கே தங்கிச் சென்றோரை எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடே இது. 2024இல் ஏறத்தாழ 20,000 பேர் குடியேற்றத் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர். ஆனால் அவ்வாண்டின் கடைசி நாளில் காவலில் இருந்தோர் 2,000 பேருக்கும் குறைவு. இத்தகைய காவலுக்குப் பிரிட்டனில் பொதுவான சட்டபூர்வக் காலவரம்பு ஏதும் இல்லாமையால், சில நாட்களில் வெளிவருவோரும் பல மாதங்கள் அடைபட்டிருப்போரும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுகின்றனர். எத்தனை நாள் இருந்தார்கள் என்று தனியே தரப்படும் அட்டவணையைச் சேர்த்துப் பார்த்தாலொழிய இவ்வேறுபாடு தெரிவதில்லை.

எல்லைக்கு அப்பால் நகர்ந்த கட்டுப்பாடு

கட்டுப்பாட்டின் ஒரு பகுதி நாட்டின் எல்லைக்கு வெளியே நிகழும்போது அது புள்ளிவிவரத்திலிருந்தே நழுவிவிடுகிறது. இதற்கான வரலாற்றுச் சான்றுகளில் ஈழத்தமிழருக்கு நேரடித் தொடர்பு உண்டு. 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தமிழர்கள் பிரிட்டனில் புகலிடம் நாடி வரத் தொடங்கியதை அடுத்து, 1985 மே மாதத்தில் பிரிட்டன் இலங்கைக் குடிமக்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடொன்றின்மீது அத்தகைய கட்டாயம் விதிக்கப்பட்டது அதுவே முதன்முறை. 1987 பிப்ரவரியில், ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பியனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்த நிகழ்ச்சி உலகச் செய்தியானது. அதே ஆண்டில் நிறைவேற்றப்பட்ட போக்குவரத்து நிறுவனங்களின் பொறுப்புச் சட்டம், உரிய ஆவணமின்றிப் பயணியொருவரை ஏற்றிவரும் விமான, கப்பல் நிறுவனங்கள் தலைக்கு 1,000 பவுண்டு செலுத்த வேண்டும் என விதித்தது.

இவ்விரண்டு நடவடிக்கைகளின் புள்ளிவிவர விளைவு கூர்ந்து நோக்கத்தக்கது. அதற்கு முன் ஹீத்ரோவில் இறங்கிய ஒருவருக்கு அனுமதி மறுக்கப்பட்டால், அது ‘நுழைவாயிலில் மறுப்பு’ என்ற அட்டவணையில் ஓர் எண்ணாகப் பதிவாகும். அவர் புகலிடம் கோரினால் வேறோர் அட்டவணையிலும் ஏறுவார். அதன்பின்னோ கொழும்பு விமான நிலையத்தின் பயணப்பதிவு முகப்பிலேயே நிறுவன ஊழியர் ஒருவர் அபராதத்துக்கு அஞ்சி அவரை ஏற்ற மறுத்துவிட்டால், அந்த மறுப்பு பிரிட்டிஷ் அரசின் எந்த அலுவலரும் எடுத்த முடிவாகாது. ஆகவே அது நுழைவாயில் அட்டவணையிலும் புகலிட அட்டவணையிலும் ஏறாது. எண் குறைந்தால் தேவை குறைந்துவிட்டது என்று பொருள்கொள்ள இயலாது. முடிவெடுக்கும் இடமும் முடிவெடுக்கும் ஆளும் மாறியிருக்கலாம். தஞ்சம் தேடியவரின் ஆபத்து அப்படியே இருக்க, பதிவேட்டில் அவருக்குரிய வரி மட்டும் இல்லாமற்போகிறது.

ஏற்பு விகிதம் என்னும் நகரும் அளவுகோல்

புகலிடக் கோரிக்கைகளில் எத்தனை விழுக்காடு முதல் முடிவிலேயே ஏற்கப்பட்டன என்பதைக் குறிக்கும் ஏற்பு விகிதம், கோரிக்கைகள் உண்மையானவையா என்பதற்கான சான்றாக அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. 2004இல் முதல் முடிவுகளில் 88 விழுக்காடு மறுப்பாக இருந்தன. 2022இல் 76 விழுக்காடு ஏற்பாக இருந்தன. 2024இல் ஏற்பு 47 விழுக்காடாக இறங்கியது. துன்பத்திலிருந்து தப்பிவருவோரின் நேர்மை இத்துணை வேகமாக ஏறி இறங்கியிருக்க முடியாது என்பது வெளிப்படை.

விகிதத்தை அசைக்கும் காரணிகள் பல. எந்த நாட்டவரின் கோப்புகள் அவ்வாண்டில் எடுக்கப்பட்டன என்பது முதலாவது. 2023 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தான், எரித்ரியா, லிபியா, சிரியா, ஏமன் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரின் பழைய கோரிக்கைகளை நேர்காணலின்றி, வினாத்தாள் வழியே விரைந்து முடிக்கும் முறை கொண்டுவரப்பட்டது. இந்நாட்டவரின் கோரிக்கைகள் வழக்கமாகவே பெரும்பாலும் ஏற்கப்படுபவை. சட்டம் கேட்கும் சான்றின் அளவு இரண்டாவது. 2022 ஜூன் 28 முதல் பதிவான கோரிக்கைகளுக்கு, அவ்வாண்டின் குடியுரிமை மற்றும் எல்லைகள் சட்டம் கூடுதல் கடுமையான சான்று நியதியை விதித்தது. விகிதத்தின் பகுதி எதுவென்பது மூன்றாவது. இடையிலே விலக்கிக்கொள்ளப்பட்ட கோரிக்கைகள் அக்கணக்கில் சேர்வதில்லை.

முதல் முடிவோடு கதை முடிந்துவிடுவதுமில்லை. 2004 முதல் 2021 வரை முதல் முடிவில் மறுக்கப்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் மேல்முறையீடு செய்தனர்; அம்மேல்முறையீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று வென்றது. இதனால்தான் உள்துறை அமைச்சகமே, குறித்த ஓராண்டில் கோரிக்கை வைத்தோர் அனைவரையும் ஒரு கூட்டமாகக் கொண்டு, ஆண்டுகள் கழித்தும் அவர்களின் நிலையைத் தொடர்ந்து பார்க்கும் தனிப் பகுப்பாய்வையும் வெளியிடுகிறது. நிலைமையை அறிய விரும்புவோருக்கு ஆண்டு விகிதத்தைவிட அதுவே நம்பகமானது.

முடிவுகளை மட்டும் எண்ணும் முறை ஒரே ஆளை எப்படிச் சிதறடிக்கிறது என்பதற்கு, 1987இல் பிரிட்டனில் புகலிடம் மறுக்கப்பட்ட ஐந்து தமிழர்களின் வழக்கு சான்றாகும். அவ்வாண்டு டிசம்பரில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். 1988 பிப்ரவரியில் அவர்கள் இலங்கைக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். 1989இல் மேல்முறையீட்டு நடுவர் அவர்களின் கோரிக்கை நியாயமானதே என முடிவுசெய்ய, அவர்கள் மீண்டும் பிரிட்டனுக்கு வந்து தற்காலிகத் தங்கல் அனுமதி பெற்றனர். 1991இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமோ, அவர்களைத் திருப்பியனுப்பியதில் பிரிட்டன் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தை மீறவில்லை என்றது. முடிவுகளை மட்டும் அடுக்கும் அட்டவணையில் இவர்கள் ஓர் ஆண்டு மறுக்கப்பட்டோராகவும், அடுத்த ஆண்டு வெளியேற்றப்பட்டோராகவும், அதற்கடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் வென்றோராகவும் தனித்தனி வரிகளில் நிற்பர். எல்லாம் அதே ஐந்து பேர் என்பதை எந்த வரியும் காட்டாது. மேலும், புகலிட அட்டவணைகள் குடியுரிமை நாட்டை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றில் ‘இலங்கை’ என்ற வரி உண்டு, ‘தமிழர்’ என்ற வரி இல்லை. எந்த அடையாளத்தின் பொருட்டு ஒருவர் துன்புறுத்தப்பட்டாரோ அந்த அடையாளம் பதிவேட்டுக்குள் வருவதில்லை.

நிலுவை தீர்ந்த விதம்

2022 டிசம்பரில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக், 2022 ஜூன் 28க்கு முன் பதிவாகித் தேங்கிக்கிடந்த புகலிடக் கோரிக்கைகள் அனைத்தையும் 2023 இறுதிக்குள் முடித்துவைப்பதாக அறிவித்தார். 2023 ஜூன் இறுதியில் முதல் முடிவுக்குக் காத்திருந்தோர் தொகை 1,75,457 என்னும் உச்சத்தைத் தொட்டது. 2024 ஜனவரி 2 அன்று, வாக்குறுதி நிறைவேறியது, பழைய நிலுவை தீர்க்கப்பட்டது என்று அரசு அறிவித்தது.

கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது படம் வேறாக இருந்தது. சிக்கலானவை என்று ஒதுக்கப்பட்ட சுமார் 4,500 பழைய கோப்புகள் இன்னும் முடிவுறாமலே இருந்தன. முடித்துவைக்கப்பட்டவற்றுள் ஏறத்தாழ 35,000 கோப்புகளில், புகலிடத்துக்குத் தகுதி உண்டா இல்லையா என்ற ஆய்வே நடக்கவில்லை. விண்ணப்பதாரர் நேர்காணலுக்கு வராமை, படிவத்தைத் திருப்பியனுப்பாமை போன்ற காரணங்களால் கோரிக்கை விலக்கப்பட்டதாகக் கருதி மூடப்பட்டவையும் அவற்றில் அடங்கும். 2022 ஜூன் 28 முதல் வந்த கோரிக்கைகளோ அந்த ‘பழைய நிலுவை’ என்ற வரையறைக்கே வெளியில் இருந்தன. பிரிட்டனின் புள்ளிவிவர ஆணையத்தின் அப்போதைய தலைவர் சர் ராபர்ட் சோட், நிலுவை தீர்ந்தது என்று கேட்கும் சாதாரணக் குடிமகன் ஒன்றுகூட மிச்சமில்லை என்றே பொருள்கொள்வார் என்றும், மக்களில் சிலர் தாம் தவறாக வழிநடத்தப்பட்டதாக உணரக்கூடும் என்றும் எழுதினார். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, நாடாளுமன்றத்துக்கு நேராகப் பதில்சொல்லும் அவ்வாணையம், அமைச்சர்கள் எண்களைக் கையாளும் முறையைப் பகிரங்கமாகக் கண்டிக்கும் தகுதி பெற்றிருப்பது அந்நாட்டு ஏற்பாட்டின் வலிமைகளில் ஒன்று.

வெளியேற்றமும் விண்ட்ரஷ் தலைமுறையும்

‘திரும்பல்கள்’ என்ற தலைப்பின்கீழ் உள்துறை அமைச்சகம் மூன்று பிரிவுகளை வைக்கிறது. அதிகாரிகள் கட்டாயமாக அனுப்பிவைப்பது முதலாவது. தாமாக ஒப்புக்கொண்டு செல்வது இரண்டாவது. நுழைவாயிலில் மறுக்கப்பட்டுத் திரும்பிச்செல்வது மூன்றாவது. இவற்றுள் இரண்டாவது பிரிவுக்குள், அரசின் உதவியோ அறிவிப்போ இன்றித் தாமே விமானமேறிச் சென்றுவிட்டவர்களும் உண்டு. பயணப் பதிவுகளோடு கோப்புகளைப் பின்னர் ஒப்பிடும்போதுதான் அவர்கள் சென்றுவிட்ட செய்தி அமைச்சகத்துக்கே தெரியவருகிறது. ஆகவே அண்மைக்காலத் தன்விருப்பத் திரும்பல்களின் எண் முதலில் குறைவாக வெளியாகி, ஒப்பீடு நடக்க நடக்கக் கூடிக்கொண்டே போகும். முதல் வெளியீட்டை வைத்து வெளியேற்றம் சரிந்துவிட்டது என்று முடிவுகட்டுவோர் இதனால் ஏமாறுகின்றனர்.

எண்ணே இலக்காக மாறும்போது நேரும் கேடு இதனினும் பெரிது. 1948இல் எம்பயர் விண்ட்ரஷ் என்ற கப்பல் ஜமைக்காவிலிருந்து பயணிகளைக் கொண்டுவந்ததன் பெயரால், அக்காலம் முதல் 1973 வரை கரீபியத்திலிருந்தும் பிற காமன்வெல்த் நாடுகளிலிருந்தும் சட்டபூர்வமாக வந்து குடியேறியோர் ‘விண்ட்ரஷ் தலைமுறை’ எனப்படுகின்றனர். நிரந்தரமாகத் தங்கும் உரிமை அவர்களுக்குச் சட்டப்படியே இருந்தது. அதற்கான ஆவணம் எதுவும் பலருக்கு வழங்கப்படவில்லை. அவர்களின் வருகையை மெய்ப்பிக்க உதவியிருக்கக்கூடிய பழைய வருகைச் சீட்டுகளையும் அமைச்சகம் 2010இல் அழித்துவிட்டது. வேலை, வாடகை வீடு, மருத்துவம் எல்லாவற்றுக்கும் குடியேற்ற ஆவணம் கேட்கும் 2014, 2016ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்தபின், அரை நூற்றாண்டாக அங்கே வாழ்ந்து வரி செலுத்தியவர்கள் சட்டவிரோதமாகத் தங்கியோராகக் கருதப்பட்டு வேலையிழந்தனர், சிலர் காவலில் வைக்கப்பட்டனர், சிலர் நாடுகடத்தப்பட்டனர். தவறாகக் காவலில் வைக்கப்பட்டோராக அல்லது அனுப்பப்பட்டோராக 164 பேரை அமைச்சகத்தின் சொந்த மறுஆய்வே பின்னர் இனங்கண்டது. வெளியேற்றத்துக்கு இலக்கு எண்கள் ஏதும் இல்லை என்று நாடாளுமன்றக் குழுவிடம் கூறிய உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட், 12,800 கட்டாயத் திரும்பல்கள் என்ற இலக்கைக் குறிப்பிடும் அலுவலகக் குறிப்பு வெளியானதை அடுத்து 2018 ஏப்ரல் இறுதியில் பதவி விலகினார்.

அந்த ஆண்டுகளின் காலாண்டு அட்டவணைகளில் இத்தவறுகளுக்கான அறிகுறி எதுவும் இல்லை. சரியாக வெளியேற்றப்பட்டவரும் தவறாக வெளியேற்றப்பட்டவரும் அங்கே ஒரே நெடுவரிசையில் ஒவ்வோர் எண்ணாகச் சேர்ந்தனர். அத்தொகை கூடியபோது அது கட்டுப்பாட்டின் வெற்றியாகவே வாசிக்கப்பட்டது. தவறு வெளிப்பட்டது பாதிக்கப்பட்டோரின் சாட்சியத்தாலும் இதழாளர்களின் விசாரணையாலும்தான்.

நிகரக் குடிபெயர்வும் அதன் திருத்தங்களும்

அரசியல் மேடைகளில் மிகுதியாக ஒலிக்கும் எண்ணைத் தருவது உள்துறை அமைச்சகமன்று. அதைத் தருவது தேசியப் புள்ளியியல் அலுவலகம். பன்னிரண்டு மாதங்களேனும் தங்க வந்தோரிலிருந்து அவ்வளவு காலத்துக்கு வெளியே சென்றோரைக் கழித்தால் கிடைக்கும் எச்சமே நிகரக் குடிபெயர்வு. 2010இல் கன்சர்வேட்டிவ் கட்சி இதனை ஆண்டுக்குச் சில பதினாயிரங்களாகக் குறைப்போம் என்று வாக்களித்ததிலிருந்து அரசுகளின் வெற்றி தோல்வியே இதனால் அளக்கப்படலாயிற்று.

ஆனால் அதை அளந்த கருவி அப்பணிக்கென உருவானதன்று. 1961இல் சுற்றுலாவையும் பயணச் செலவையும் அறியத் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் பயணிகள் மாதிரிக் கணக்கெடுப்பில், விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் பயணிகளை நிறுத்தி, எவ்வளவு காலம் தங்கப்போகிறீர்கள் என்று கேட்டனர். பதில்சொன்ன பல லட்சம் பேரில் நீண்டகாலக் குடிபெயர்வோர் சில ஆயிரம் பேரே. 2004இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபின், அங்கிருந்து மலிவு விமானங்களில் சிறு விமான நிலையங்கள் வழியே வந்தோரைப் பெரிய நிலையங்களை மையமாகக் கொண்ட அக்கணக்கெடுப்பு போதிய அளவு பிடிக்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டபோது, முந்தைய பத்தாண்டுகளின் நிகரக் குடிபெயர்வு மொத்தம் 3,46,000 குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது தெரியவந்தது. மாணவர் விஷயத்திலோ பிழை எதிர்த்திசையில் இருந்தது. படிப்பு முடிந்தும் பெருந்தொகையானோர் திரும்புவதில்லை என்ற தோற்றத்தைப் பயணிகள் கணக்கெடுப்பு ஏற்படுத்தியிருந்தது. 2015இல் வெளியேறுவோர் சோதனை மீண்டும் தொடங்கி அதன் தரவு 2017இல் வெளியானபோது, மாணவர்களில் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் உரிய காலத்துக்குள் சென்றுவிட்டமை உறுதியானது.

இப்போது அப்பயணிகள் கணக்கெடுப்பு முறை கைவிடப்பட்டு, விசா, பயணம், வரி ஆகியவற்றின் அரசுப் பதிவுகள் இணைத்துப் பார்க்கப்படுகின்றன. எனினும் ஒருவர் பன்னிரண்டு மாதம் தங்கினாரா என்பது பன்னிரண்டு மாதம் கழிந்தபின்னரே உறுதியாகும். அதற்குமுன் வெளியிடப்படுவது ஊகங்களை உள்ளடக்கிய தற்காலிக மதிப்பீடு. 2023 ஜூன் வரையிலான ஓராண்டுக்கு முதலில் 6,72,000 என்று வெளியான நிகரக் குடிபெயர்வு, பின்னர் 7,40,000 என்றும், 2024 நவம்பரில் 9,06,000 என்றும் திருத்தப்பட்டது. திருத்தத்தின் அளவே ஒரு நகரத்தின் மக்கள்தொகைக்கு ஈடானது. திருத்தம் வருவதற்குள் முதல் எண்ணை வைத்து விவாதங்கள் நடந்து முடிந்திருந்தன.

பதிவேட்டுக்கு வெளியே

அனுமதியின்றித் தங்கியிருப்போர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு வழக்கமான புள்ளிவிவரம் பதில் தருவதில்லை. உள்துறை அமைச்சகம் 2005இல் வெளியிட்ட ஆய்வு, 2001 நிலவரப்படி அத்தொகை 3,10,000 முதல் 5,70,000 வரை இருக்கலாம் என்று கணித்து, 4,30,000 என்பதை நடு மதிப்பாகக் கொண்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தெரியும் வெளிநாட்டில் பிறந்தோர் தொகையிலிருந்து சட்டபூர்வமாக இருப்போரைக் கழித்துக் கிடைத்த எச்சம் அது. இரண்டு பேரெண்களில் உள்ள சிறு பிழைகளும் எச்சத்தில் பெரும்பிழையாகிவிடும். சட்டபூர்வமாக இருப்போரையே எண்ணுவது எளிதன்று என்பதை ஐரோப்பியக் குடிமக்களின் தங்கல் பதிவுத் திட்டம் காட்டியது. தகுதியுடையோர் 35 முதல் 41 லட்சம் பேர் என்று அரசு மதிப்பிட்டிருக்க, 2021 ஜூன் இறுதிக்குள் வந்த விண்ணப்பங்கள் 60 லட்சத்தை எட்டின. ஒருவரே இருமுறை விண்ணப்பித்ததும், நாட்டைவிட்டுச் சென்றுவிட்டவர்கள் விண்ணப்பித்ததும் இதில் அடங்கும் என்றாலும், மதிப்பீடு பெரிதும் தாழ்ந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

இதற்கு நேர்மாறாக, ஆங்கிலக் கால்வாயைச் சிறு படகுகளில் கடந்து வருவோர் ஏறத்தாழ ஒருவர்கூட விடுபடாமல், நாள்தோறும் எண்ணப்படுகின்றனர். 2018இல் 299 பேர், 2022இல் 45,000க்கும் மேற்பட்டோர், 2024இல் 36,816 பேர் என்று அந்த எண்கள் நீள்கின்றன. கடலில் மீட்கப்பட்டுக் கரையில் பதிவுசெய்யப்படுவதால் அவர்களை எண்ணுவது எளிது. 2024இல் நீண்டகாலம் தங்க வந்தோர் 9,48,000 பேர் என்ற முதல் மதிப்பீட்டோடு ஒப்பிட்டால், படகில் வந்தோர் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. லாரிகளில் மறைந்து வந்து பிடிபடாதவர்களும், விசாவோடு வந்து காலம் கடந்தபின் தங்கிவிட்டவர்களும் நாள்தோறும் எண்ணப்படுவதில்லை. ஆகவே அவர்களைப் பற்றி நாள்தோறும் செய்தியும் வருவதில்லை. எளிதில் எண்ணத்தக்கதே பெரிய சிக்கலாகத் தோன்றுவது இவ்வாறுதான். அயர்லாந்துடனான நில எல்லையில் வழக்கமான குடியேற்றச் சோதனையே இல்லாமையால், அவ்வழியே நடக்கும் போக்குவரத்து எந்த எல்லை அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும்.

இக்குறைகளைக் காட்டி அரசுப் புள்ளிவிவரத்தையே தள்ளிவிடுவது பொருந்தாது. மேலே எடுத்துக்காட்டிய திருத்தங்களும் வகைப்பாடுகளும் மறுஆய்வுகளும் பெரும்பாலும் அரசு அமைப்புகள் தாமே வெளியிட்டவை. அட்டவணைகளை விளக்கக் குறிப்புகளோடு முழுமையாகப் பொதுவில் வைக்கும் வழக்கம் இல்லாத நாட்டில் இத்தகைய விமரிசனத்துக்கே வழியிருக்காது. ஆயினும் ஒரு குடியேற்ற ஏற்பாடு நன்கு இயங்குகிறதா என்று மதிப்பிட, அது எத்தனை முடிவுகள் எடுத்தது என்ற கணக்கு மட்டும் போதாது. அம்முடிவுகளில் எத்தனை மேல்முறையீட்டில் கவிழ்ந்தன, எத்தனை பேர் தவறாகக் காவலில் வைக்கப்பட்டு இழப்பீடு பெற்றனர், முடிவுக்கு ஒருவர் எத்தனை மாதம் காத்திருந்தார் என்னும் கணக்குகளும் அதே நாளில், அதே முதற்பக்கத்தில் வெளிவர வேண்டும். இப்போது இவை வெவ்வேறு அமைப்புகளின் வெவ்வேறு வெளியீடுகளில் சிதறிக்கிடப்பதால், மறுப்பும் வெளியேற்றமும் சாதனைகளாக முன்னே நிற்க, அவற்றின் பிழைகள் தேடிச்செல்வோருக்கு மட்டுமே தெரிகின்றன. தான் செய்ததை எண்ணும் அலுவலகம், தான் தவறிழைத்ததையும் அதே பக்கத்தில் எண்ணத் தொடங்கும்போதுதான் கட்டுப்பாட்டின் அளவோடு அதன் தரத்தையும் மக்கள் அறிய முடியும்.